தம்பானூரில் ராத்திரி 9.40: ஒரு நாள் ரூம் தேடிய கதைகள்

தேயிலைக்காட்டு டீச்சர் (வண்டிப்பெரியாறு)

போன மாதம் நடந்தது. திருவனந்தபுரத்தில் பட்டம் என்கிற இடத்தில், துளசி ஹில்ஸில் இருக்கிற கேரள பி.எஸ்.சி. (அரசு வேலைக்கு ஆள் எடுக்கிற கமிஷன்) ஆபீஸில் காலை ஒன்பது மணிக்கு எனக்கு இண்டர்வியூ. ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது திருவனந்தபுரம் போய்விடலாம்தான். ஆனால் குட்டிக்கானம் இறக்கத்தில் எனக்கு வயிறு நிற்காது. ராத்திரி முழுக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போய், கசங்கின சேலையோடு போர்டு முன்னால் உட்கார மனசில்லை. முந்தின நாளே போய்த் தங்கிவிடலாம், ஆயிரத்துக்குள் ஒரு ரூம் கிடைக்காமலா போகும் என்று மதியம் கிளம்பினேன்.

கொட்டாரக்கரைக்கு முன்னால் ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. சாயங்காலம் போய்ச் சேர வேண்டியவள் தம்பானூரில் இறங்கும்போது ராத்திரி 9.40.

தம்பானூர் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் ஸ்டாண்டும் திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில்வே ஸ்டேஷனும் அங்கே எதிரெதிரே இருக்கின்றன, நடுவில் ஒரு ரோடு மட்டும்தான். அரிஸ்டோ ஜங்ஷன் பக்கம், மாஞ்ஞாலிக்குளம் ரோடு என்று சுற்றிலும் லாட்ஜ் போர்டுகள். பத்மநாபசுவாமி கோயிலுக்கு நடந்தே போகலாம். ஊர் நடுவில் மலிவாகத் தங்க இதைவிடத் தோதான இடம் கிடையாது என்பார்கள். உண்மைதான், ரூம் கொடுத்தால்.

முதல் லாட்ஜில் ரிசப்ஷன்காரர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும், "ஒற்றய்க்காணோ?" என்றார், தனியாகவா என்று. ஆமாம் சேட்டா, நாளைக்கு இண்டர்வியூ என்றேன். "ரூம் ஃபுல்லாணு." நான் பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்குவதற்குள் ஒரு கணவன் மனைவி ஏறிப் போனார்கள். வாசலில் நின்று செருப்பு வாரைச் சரி பண்ணுகிற மாதிரி நின்றேன். சாவி எடுத்துக் கொடுக்கிற சத்தம் நன்றாகக் கேட்டது.

இரண்டாவது இடத்தில் போர்டிலேயே பதில் இருந்தது. ஃபேமிலிக்கு மாத்திரம். நான் என்ன மரத்திலிருந்து விழுந்தவளா, எனக்கும் ஃபேமிலி இருக்கிறது, அவர்கள் வண்டிப்பெரியாற்றில் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை.

மூன்றாவது லாட்ஜில் ஐம்பத்தைந்து அறுபது வயதுக்காரர் ஒருவர். ஆதார் கேட்டார், கொடுத்தேன். இண்டர்வியூ மெமோ கேட்டார், காட்டினேன். பிறகு, "அச்சனோடு ஒன்னு சம்சாரிக்கணும்" என்றார். எனக்கு முப்பத்து நாலு வயது. எட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். தூக்கத்திலிருந்து அப்பாவை எழுப்பி, போனை அவரிடம் நீட்டினேன். எஸ்டேட்டில் சங்கு ஊதுகிற நேரத்துக்கு எழுந்திருக்கிற மனுஷன் அப்பா, பத்து மணிக்குப் போன் வந்தால் யாரோ செத்துப் போனார்கள் என்றுதான் நினைப்பார். இரண்டு பேரும் மலையாளத்தில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். 650 ரூபாய், சாவி வந்தது.

ரூமைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்க வேண்டும் என்று தெரியும். அந்த நேரத்தில் தெரிந்து என்ன பயன். ஆறு சுவிட்சில் எது ஃபேன் என்று கண்டுபிடிக்கவே நேரம் ஆனது. பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை, அதில் நீலக் கயிறு கோர்த்து ஆணியில் மாட்ட வேண்டும். ரூம் கதவுத் தாழ்ப்பாள் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் பாத்ரூம் வாளியில் பாதி தண்ணீர் பிடித்து அதைக் கதவில் அணைத்து வைத்துவிட்டுத்தான் படுத்தேன். யாராவது தள்ளினால் சத்தம் கேட்குமே. பெட்ஷீட் மேல் என் துண்டை விரித்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் அந்தப் பெரியவரைச் சொல்ல வேண்டும். காலையில் வெளியே போகும்போது, 24 மணி நேர லாட்ஜ்தான், ராத்திரி பத்தரை வரைக்கும் ரூம் உங்களுடையது என்று சொன்னார். இண்டர்வியூ முடித்து, பட்டத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, குளித்து, இரண்டு மணி நேரம் தூங்கி, ராத்திரி பஸ் ஏறினேன். கொடுத்த 650க்கு அந்தப் பகல் தூக்கம்தான் விலை.

ஒரு ராத்திரிக்கு ரூம் தேடி அலைந்தது நான் மட்டுமா? உங்கள் கதையையும் கீழே கமெண்ட்டில் சொல்லுங்கள்.

களியக்காவிளை பார்டர்

டீச்சரே, 1956க்கு முந்தி எங்களுக்கு திருவனந்தபுரம்தான் தலைநகரம் பாத்துக்கிடுங்க. இப்பவும் கல்யாணத்துக்குத் துணி எடுக்கணும்னா சாலைக் கடைத்தெருவுக்குத்தான் போவோம். பஸ்ஸுல ஒரு மணி, ஒண்ணேகால் மணி நேரம். அதனால தங்குற பேச்சே கெடையாது. ஒரே ஒரு தடவதான் மாட்டினேன். எனக்க பெண்டாட்டியும் மயினியும் அங்க ஆற்றுகால் பகவதி கோயில் பொங்கலைக்குப் போணும்னு நின்னாவ. முந்தின நாள் சாயங்காலம் போயி ரூம் எடுத்துக்கிடலாம்னு நெனச்ச என் புத்திய என்ன சொல்ல! கும்ப மாசத்துல பொங்கலை நாளு அந்த ஊருல ரோட்டு ஓரமே செங்கல்லு வச்சு புக் ஆகியிருக்கும். 2009ல 25 லட்சம் பொம்பளைய பொங்கல் வச்சதுக்கு கின்னஸுல எழுதினானுவ. அந்த ஊருல நான் ரூம் தேடுதேன்!

கடைசில ரெண்டு பேரும் கோயில் பக்கத்துல ஒரு வீட்டு முற்றத்துல பாய் விரிச்சுப் படுத்தாவ. அந்த வீட்டுக்காரி யாருன்னே தெரியாது. ராத்திரி கட்டன் சாயா போட்டுக் குடுத்தாளாம். ஆம்பிளையான எனக்கு எடமில்ல. நான் கடைசி பஸ்ஸுல பாறசாலை வந்து, மறுநாள் திரும்பப் போயி கூட்டிட்டு வந்தேன்.

கொழிஞ்சாம்பாறை இளநீர்

சின்னக் கதை. மும்பையிலிருந்து வந்த என் கூட்டாளி "ஸ்டேஷன் பக்கத்திலேயே ஊர் நடுவில் ரூம்" என்று பாலக்காட்டில் தேடி, பாலக்காடு ஜங்ஷன் பக்கத்தில் போட்டுவிட்டான். ஜங்ஷன் இருப்பது ஒலவக்கோட்டில். ஊர் அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர். ஊருக்குள் இருப்பது டவுன் ஸ்டேஷன். மறுநாள் அவனுக்கு வேலை கோட்டைப் பக்கம். போக வர ஆட்டோவுக்குக் கொடுத்த காசில் ஊருக்குள்ளேயே நல்ல ரூம் எடுத்திருக்கலாம். கல்பாத்தித் தேர் சமயமாக இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது, அது வேறு விஷயம்.

இன்னொன்று. ஆட்டோக்காரரிடம் "நல்ல ஹோட்டலுக்குப் போங்க" என்று சொன்னானாம். இங்கே ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை. அவர் பிரியாணிக் கடை வாசலில் இறக்கிவிட்டார். ரூம் வேண்டுமென்றால் லாட்ஜ் என்று சொல்லுங்கள்.

செங்கோட்டை மூணாம் பிளாட்பாரம்

டீச்சர், உங்களுக்கு வேலை பட்டத்தில். அங்கிருந்து தம்பானூர் அஞ்சாறு கிலோமீட்டர். ஊர் நடுவில் தங்கினீர்கள், ஆனால் உங்கள் வேலைக்கு நடுவில் தங்கவில்லை. இதை நான் சொல்லக் காரணம் இருக்கிறது.

2014-ல் அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி. திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்கு (ரீஜனல் கேன்சர் சென்டர்) போகச் சொன்னார்கள். 1981-ல் ஆரம்பித்த ஆஸ்பத்திரி, மெடிக்கல் காலேஜ் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. தென்காசி, நெல்லை, குமரிப் பக்கத்திலிருந்து புற்றுநோய் என்று யார் போனாலும் முதலில் சொல்லும் பேர் அதுதான். அப்போது எங்களுக்கு ரயில் கிடையாது. செங்கோட்டை-புனலூர் பாதையை அகலப்படுத்த 2010-ல் நிறுத்தியவர்கள் 2018-ல்தான் முழுசாகத் திறந்தார்கள். அப்பாவை பஸ்ஸில் உட்கார வைத்து, ஆரியங்காவு, தென்மலை என்று காடு வழியாக அழைத்துப் போவேன். எச்சில் விழுங்கவே கஷ்டப்படுகிற மனுஷன், ஒவ்வொரு வளைவுக்கும் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடிப்பார்.

முதல் தடவை நானும் எல்லோரும் சொன்ன மாதிரி தம்பானூரில்தான் ரூம் போட்டேன். போய்ச் சேர்ந்தது விடியற்காலை நாலு மணி. அந்த லாட்ஜ் பன்னிரண்டு மணி செக்-அவுட். எனக்கு அதன் அர்த்தம் அப்போது புரியவில்லை. நாலிலிருந்து மதியம் பன்னிரண்டு வரை ஒரு நாள். பன்னிரண்டுக்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும் இரண்டாவது நாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன், ரத்தம், டாக்டர் என்று முடித்து சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பினால், பில்லில் இரண்டு நாள் வாடகை. பதினாலு மணி நேரத்துக்கு இரண்டு நாள்! அதில் நாங்கள் கட்டிலில் இருந்தது இரண்டரை மணி நேரம். ஏமாற்றிவிட்டான் என்று ரிசப்ஷனில் சத்தம் போட்டேன். அவர் பொறுமையாகச் சுவரில் இருந்த போர்டைக் காட்டினார். மூன்று மொழியில் எழுதியிருந்தது, அதில் தமிழும் ஒன்று.

அடுத்த தடவையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், உள்ளூர், குமாரபுரம் என்கிற இடங்களில். மெடிக்கல் காலேஜைச் சுற்றி வீடுகளிலேயே ரூம் விடுகிறார்கள். அழகெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் கஞ்சி வைக்க அடுப்பு இருக்கும். அப்பாவால் கஞ்சி தவிர எதுவும் இறங்காது. அந்த வீட்டுச் சேச்சி, மிக்ஸி சத்தம் கேட்டால் தானே வந்து சோற்றை அடித்துக் கொடுத்துவிட்டுப் போவார். "தங்குமிடம்" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த மிக்ஸி சத்தம்தான் ஞாபகம் வரும்.

அப்பா இன்னும் மூன்று வருஷம் இருந்தார்.

கொழிஞ்சாம்பாறை இளநீர்

அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

சாவிக்கொத்து

நான் எதிர்ப்பக்கம். தக்கலைக்காரன், தம்பானூரில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் பதினோரு வருஷமாக நைட் டியூட்டி. டீச்சர் சொன்ன லாட்ஜ் எதுவும் எங்களுடையதில்லை என்று நம்புகிறேன். இருந்தாலும் இருக்கலாம்.

தனி ஆளுக்கு ஏன் ரூம் இல்லை என்கிறோம்? சட்டம் எதுவும் இல்லை. பயம்தான். ஒரு ராத்திரி ஒருத்தர் வந்தார். நல்ல சட்டை, நல்ல பேச்சு, கையில் பை மட்டும் இல்லை. வாடகையைப் பேரம் பேசவில்லை, முழுசாக முன்பணம் கொடுத்தார். ஏ.சி. வேண்டுமா என்றால் எதுவானாலும் சரி என்றார். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. மறுநாள் மதியம் வரை கதவு திறக்கவில்லை. ரூம் பாய் தட்டினான், நான் தட்டினேன், கடைசியில் உடைத்தோம். ஆள் பிழைத்துக்கொண்டார். அவர் அண்ணன் கொல்லத்திலிருந்து வந்து என் கையைப் பிடித்து அழுதார். எனக்கு அதற்குப் பிறகு நாலு தடவை போலீஸ் ஸ்டேஷன். முதலாளி என்னைப் பேசினதை இங்கே எழுத முடியாது.

அன்றையிலிருந்து முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பையைப் பார்ப்பேன். பை இருக்கிறதா, எங்கிருந்து வருகிறீர்கள், நாளைக்கு எங்கே போக வேண்டும்? இந்த மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் வந்தால் எனக்கு நிம்மதி. ஹால் டிக்கெட், ஆஸ்பத்திரிச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, எதையாவது கேட்காமலே எடுத்து மேசையில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னும் சில விஷயம், தொழில் ரகசியம் என்று ஒன்றும் இல்லை.

ரோட்டைப் பார்த்த ரூம் கொடுத்தால் பின்பக்கம் கேளுங்கள். தம்பானூரில் பஸ் ஹாரன் விடிய விடிய ஓயாது. பின்பக்க ரூமுக்கு நாங்கள் அதே வாடகைதான் வாங்குகிறோம், ஜன்னலைத் திறந்தால் சுவர் தெரியும், அவ்வளவுதான். ஒரு ராத்திரிக்குச் சுவர் போதாதா?

போன் ஆப்பில் போடுகிறவர்கள், போட்டுவிட்டு லாட்ஜுக்கும் நேரில் கூப்பிட்டுக் கேளுங்கள். ஆப்காரனுக்கு நாங்கள் கமிஷன் கொடுக்க வேண்டும். நேரே வருகிறவருக்கு அதில் பாதியைக் குறைத்தாலும் எங்களுக்கு லாபம்தான். ராத்திரி பத்தரைக்கு மேல் ரூம் காலியாக இருந்தால் பேரம் படியும். ஆனால் அந்த நேரத்தில் தனியாக வந்தவர்களிடம் பேரத்துக்குத் தெம்பு இருக்காது என்பதும் எங்களுக்குத் தெரியும். மறைப்பானேன்.

வரி. 2022 ஜூலை வரைக்கும் ஆயிரத்துக்குக் கீழே இருக்கிற ரூமுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பிறகு 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து, 7500 ரூபாய் வரைக்கும் உள்ள ரூமுக்கு 5 சதவீதம். இன்னமும் யாராவது 12 என்று சொன்னால் பில்லைக் கேளுங்கள். பதிவே பண்ணாத சின்ன லாட்ஜ் வரி கேட்கவே முடியாது.

சாவி வாங்குவதற்கு முன்னால் மூன்றைத் தொட்டுப் பாருங்கள்: தாழ்ப்பாள், குழாய், ஃபேன் ரெகுலேட்டர். டிவி ஓடுகிறதா என்று பார்க்கிறவர்கள்தான் நிறைய. தாழ்ப்பாளை ஆட்டிப் பார்க்கிறவர்கள் பெண்கள் மட்டும்தான்.

கம்பம் திராட்சைத் தோட்டம்

சாவிக்கொத்து அண்ணே, மனசு விட்டு எழுதியிருக்கீங்க. ஆனா ஒரு கேள்வி. உங்க கதையில கதவைப் பூட்டிக்கிட்டது ஆம்பளை. பை இல்லாம வந்தவருக்குச் சாவி குடுத்துட்டீங்க. டீச்சர் பையோட, மெமோவோட வந்தாங்க. அவங்ககிட்ட அப்பா நம்பரா?

சாவிக்கொத்து

நியாயம். பதில் இல்லை.

கம்பம் திராட்சைத் தோட்டம்

சரி, என் கதைக்கு வர்றேன். 2018 மே 6, ஞாயித்துக்கிழமை, நீட். அந்த வருஷம் நம்ம பிள்ளைங்க நிறையப் பேருக்கு வெளி மாநிலத்துல சென்டர் போட்டுட்டாங்க. கோர்ட்டுக்குப் போயும் மாறல. எங்க அக்கா மகளுக்கு எர்ணாகுளம். அக்கா புருஷன் வெளிநாட்டுல, அதனால தாய்மாமன் நான்.

குமுளியில பஸ் ஏறினோம். எங்க ஊருக்கும் குமுளிக்கும் அரை மணி, முக்கால் மணி. ஏலத்தோட்டத்துக்குப் போறவங்க தினம் போய் வர்ற ஊரு. அந்த நெனப்புல கேரளான்னா நமக்குத் தெரியாததா என்ன-ன்னு ஒரு மிதப்பு. எர்ணாகுளத்துல இறங்கினதும் மிதப்பு போச்சு. சவுத் ஸ்டேஷன், நார்த் ஸ்டேஷன், ரெண்டுக்கும் நடுவுல பஸ் ஸ்டாண்டு. எங்க பாத்தாலும் ஃபைலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு பிள்ளைங்க, பின்னாடியே அப்பா அம்மா, தமிழ்ல வழி கேட்டுக்கிட்டு. எட்டு லாட்ஜ் ஏறி இறங்கினோம். ஒரு இடத்துல 700 ரூபா ரூமை 2500ன்னு சொன்னாங்க. நான் சண்டைக்குப் போனேன். பாப்பா என் சட்டையப் பிடிச்சு இழுத்து, "மாமா, எனக்குப் படிக்கணும், எங்கயாவது உக்காந்தா போதும்"னுச்சு.

ஸ்டேஷன்ல கேரள அரசாங்கம் உதவி மையம் வெச்சிருந்தாங்க. அதுக்குள்ள தலையை விட்டோம். ஒரு போலீஸ்காரர், என் வயசுதான் இருக்கும், பாப்பாவோட ஹால் டிக்கெட்டை வாங்கி சென்டர் பேரைப் படிச்சுட்டு, "இது இங்க இல்லல்லோ, இங்கேந்து கொறச்சு தூரம்"ன்னு சொன்னார், கொஞ்சம் தள்ளி இருக்காம். அதுவரைக்கும் நான் ஊர் நடுவுல ரூம் தேடிக்கிட்டு இருந்ததே தப்பு. செங்கோட்டை அண்ணன் சொன்ன கணக்கேதான். அவரே யாருக்கோ போன் போட்டு, சென்டர் பக்கத்துல ஒரு பள்ளிக்கூட ஹால்ல இடம் வாங்கித் தந்தார். பெஞ்சை ரெண்டு ரெண்டா சேத்துப் போட்டு, பொம்பளைப் பிள்ளைங்க ஒரு பக்கம், நாங்க வராந்தாவுல. ராத்திரி ஒரு மணிக்கும் டியூப் லைட்டுக்கடியில பத்துப் பதினஞ்சு பிள்ளைங்க படிச்சுக்கிட்டு இருந்துச்சு. கொசுவத்தி வாங்கி வந்து வரிசையா கொளுத்தி வெச்ச மனுஷன் ஒரு மலையாளி ஆட்டோக்காரர். காசு வாங்கல.

மறுநாள்தான் தெரிஞ்சது, திருத்துறைப்பூண்டியிலேர்ந்து மகனைத் தேர்வுக்கு அழைச்சுட்டு வந்த ஒரு தகப்பனார் எர்ணாகுளத்துல இறந்துட்டார்னு. பையன் உள்ள எழுதிக்கிட்டு இருந்திருக்கான். திரும்பி வர்றப்ப பஸ்ஸுல யாரும் பேசல. பாப்பா மட்டும் பிசிக்ஸ் ஈசியா இருந்துச்சு மாமான்னு ஒரு தடவை சொல்லுச்சு.

இப்ப அந்த ஊர்ல நிலைமை பரவால்ல. நார்த் ஸ்டேஷன் பக்கத்துல கொச்சி மாநகராட்சியோட ஷீ லாட்ஜ் இருக்கு, பொம்பளைங்களுக்கு மட்டும், வாடகை ரொம்பக் கம்மி. அதே கட்டடத்துல குடும்பஸ்ரீ (கேரளாவோட மகளிர் சுய உதவிக் குழு) பெண்கள் நடத்துற சம்ருத்தி சாப்பாட்டுக் கடை. 2021ல பத்து ரூபாய்ச் சாப்பாடுன்னு ஆரம்பிச்சது. பாப்பா இப்ப வேற படிப்புப் படிச்சு வேலையில இருக்கு, கொச்சிக்குப் போனா அங்கதான் தங்குது.

ஒரு மாலை வேளை

பெண்களுக்குத் தம்பானூரிலேயே இடம் இருக்கிறதே, யாரும் சொல்லவில்லையா? "என்டெ கூடு" என்று அரசாங்கம் நடத்தும் இரவுத் தங்குமிடம். சாயங்காலம் 5 மணியிலிருந்து காலை 7 வரை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவசம். பஸ் டெர்மினல் கட்டடத்திலேயே எட்டாவது மாடி. நான் ஒரு தடவை தங்கியிருக்கிறேன். சுத்தமாக இருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டி ராத்திரி முழுக்க நாமம் ஜெபித்துக்கொண்டிருந்தார், அது ஒன்றுதான்.

தேயிலைக்காட்டு டீச்சர் (வண்டிப்பெரியாறு)

என்னது?! நான் இறங்கின அதே கட்டடமா? தலைக்கு மேலே எட்டு மாடியில் கட்டில் இருந்திருக்கிறது, நான் ரோட்டில் வாளி வைத்துக் கதவை அடைக்கிற ரூமுக்கு அலைந்திருக்கிறேன்.

நகரி தறி

ஆந்திரா பக்கம் யாரும் பேசக் காணோமே. நகரியிலிருந்து எழுதுகிறேன், விசைத்தறிக்காரன், வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு. காஞ்சிபுரத்திலிருந்து என் மைத்துனர் திருப்பதிக்குத் தனியாக வந்தார். ஆப்பில் பணம் கட்டி ரூம் போட்டிருந்தார். ராத்திரி பதினொன்றுக்குப் போய் நின்றால், "ஒக்கரேனா? ஈ ரேட்டுகி ரூம் லேது" (ஒருத்தர்தானா? இந்த ரேட்டுக்கு ரூம் இல்லை) என்று லாட்ஜில் கையை விரித்துவிட்டார்கள். போன் போட்டு என்னிடம் கொடுத்தார், நான் தெலுங்கில் சண்டை போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. பணம் திரும்பி வர ஒன்பது நாள் ஆனது.

எங்கள் ஊரிலிருந்து போகிற யாரும் திருப்பதியில் தனியார் லாட்ஜை முதலில் தேட மாட்டோம். ரயில்வே ஸ்டேஷன் எதிரே தேவஸ்தானத்தின் விஷ்ணு நிவாசம், பஸ் ஸ்டாண்டு எதிரே ஸ்ரீநிவாசம். முன்கூட்டியே ஆன்லைனில் போட்டுவிட வேண்டும், குடும்பமாகப் போனால் அதுதான் சரி. தனி ஆளென்றால் ரூம் ஆசையே வேண்டாம். மலைமேல் யாத்ரீகர் வளாகங்களில் லாக்கர் இலவசம், பெரிய ஹாலில் துண்டை விரித்துப் படுத்துவிடலாம். மைத்துனரும் கடைசியில் அதைத்தான் செய்தார். ஏழுமலையானை விட அந்த ஹாலில் அடித்த குறட்டைகளைப் பற்றித்தான் ஊரில் அதிகம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

களியக்காவிளை பார்டர்

ரயில்வே ஸ்டேஷன் ரிட்டயரிங் ரூம யாரும் சொல்லலியே. பன்னெண்டு மணி நேரத்துக்கும் கிட்டும், பாதி வாடகைய மிச்சம் பிடிக்கலாம்.

தேயிலைக்காட்டு டீச்சர் (வண்டிப்பெரியாறு)

அதற்கு ரயில் டிக்கெட்டின் பி.என்.ஆர். நம்பர் கேட்பார்கள் அண்ணாச்சி. எங்கள் இடுக்கி ஜில்லாவில் ரயிலே கிடையாது. பி.என்.ஆருக்கு நான் எந்தத் தேயிலைச் செடியைப் பிடுங்க?

செங்கோட்டை மூணாம் பிளாட்பாரம்

ஹா ஹா. டீச்சர், பி.டபிள்யூ.டி. (பொதுப்பணித்துறை) ரெஸ்ட் ஹவுஸ் பாருங்கள். முன்பெல்லாம் அதிகாரிகளுக்கு மிஞ்சித்தான் நமக்கு. 2021 நவம்பரிலிருந்து கேரளாவில் பொதுமக்களும் ஆன்லைனில் போடலாம். திருவனந்தபுரத்தில் தைக்காட்டில் இருக்கிறது, தம்பானூரிலிருந்து பக்கம். போன வருஷம் அம்மாவோடு தங்கினேன். பெரிய ரூம், பழைய காலத்து உயரக் கூரை. ஆனால் வாடகை குறைவு என்பதால் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது, தேதி தெரிந்த அன்றைக்கே போட்டுவிட வேண்டும்.

சாவிக்கொத்து

டீச்சர், இண்டர்வியூ என்னாச்சு?

தேயிலைக்காட்டு டீச்சர் (வண்டிப்பெரியாறு)

நன்றாகத்தான் செய்தேன். லிஸ்ட் இன்னும் வரவில்லை. அடுத்த மாதம் வேறு ஒரு வேலையாகத் திரும்பவும் திருவனந்தபுரம் போக வேண்டியிருக்கிறது. இந்தத் தடவை அம்மாவும் வருகிறார், பத்மநாபசுவாமி கோயிலில் விடியற்காலை நிர்மால்ய தரிசனம், அதாவது அன்றைய முதல் தரிசனம், பார்க்க வேண்டுமாம். மூன்றரை மணிக்கு நடை திறக்கும். அதனால் தம்பானூரை விட்டு வேறெங்கும் போக முடியாது. தைக்காடு ரெஸ்ட் ஹவுஸைத் திறந்து பார்த்தேன், நான் போகிற தேதியில் ஒன்று காலியாக இருந்தது. போட்டுவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். "ராத்திரி யாராச்சும் போன் பண்ணுவாங்களா?" என்று கேட்டார். மாட்டார்கள் என்றேன். கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தது முகம். அந்த லாட்ஜ்காரரோடு என்ன பேசிச் சிரித்தீர்கள் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். அவர் சின்ன வயசில் பீருமேட்டில் ஒரு டீ ஃபாக்டரியில் வேலை பார்த்தாராம். அப்பாவின் மேஸ்திரியை அவருக்குத் தெரியுமாம்.

சாவிக்கொத்து

பெரியவர் யாரென்று இப்போது எனக்குப் புரிந்துவிட்டது. நாலு கடை தள்ளி. தாழ்ப்பாளைச் சொல்லி வைக்கிறேன்.